கமிட்டி லாரியும் எங்கள் ஆட்டுக்கல்லும்

எங்கள் ஆட்டுக்கல் ஒரு குளிர்காலம் முழுக்கச் சாமியாக இருந்தது. இப்போது அது மயூர் விஹாரில் என் மாவுக் கடை வாசலில் கிடக்கிறது. உள்ளே கிரைண்டர்கள் ஓடுகின்றன, கல் வெளியே சும்மா உட்கார்ந்திருக்கிறது. மாவு வாங்க வருகிறவர்கள் அதன்மேல் பையை வைத்துவிட்டுச் சில்லறை தேடுவார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. இந்தப் பக்கத்தில் காலையில் வேகிற இட்லியில் பாதி என் மாவு. ஜம்பம் என்று நினைத்தால் எந்த வீட்டுக் கதவையும் தட்டிக் கேட்டுப் பாருங்கள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கடை லைசென்சுக்கு நானே ஆபீஸ் ஏறி, நானே பேசி, நானே வாங்கி வந்தேன். படித்த மகன் கூட வருகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். கமிட்டியோடு பேசுவது எனக்குப் புதிதில்லை. ஒன்பது வயதிலேயே பேசியிருக்கிறேன்.

கமிட்டி என்றால் நகராட்சி. சர்க்கார் அதற்கு என்ன பெயர் வைத்தாலும் டில்லி ஜனங்கள் வாயில் அது கமிட்டிதான். குழாய் கமிட்டியுடையது, தெருவிளக்கு கமிட்டியுடையது, குப்பை வண்டி கமிட்டியுடையது. எங்களைப் பொறுத்தவரை கமிட்டி என்றால் லாரி.

லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் சாக்கடை ஓரமாக எங்கள் குடிசை, டில்லிப் பேச்சில் ஜுக்கி, இருந்தது. அப்பா கட்டட வேலைக்குப் போவார். அம்மா மாவரைத்துக் கொடுப்பாள். குவார்ட்டர்ஸில் இருந்த தமிழ்ப் பெண்களில் பலர் ஆபீஸ் போகிறவர்கள், அவர்களுக்கு அரைக்க நேரமில்லை. தூக்குப் பாத்திரத்தில் மாவை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கொடுப்பவள் நான். கல் சேலத்திலிருந்து ரயிலில் வந்தது. டில்லியில் அப்படி ஒரு கல்லைத் தேடினாலும் கிடைக்காது. ஜுக்கிக்குள் அதை வைத்தால் நாங்கள் வெளியே படுக்க வேண்டும். ஆகவே வேப்ப மரத்தடியில், நடைபாதையில், பாதி மண்ணில் புதைத்து வைத்திருந்தோம். அதே மரத்தடியில் பக்கத்து ஜுக்கிக்காரரின் இஸ்திரி மேஜை நின்றது. அவர் மனைவியை நான் சாச்சி, அதாவது சித்தி, என்று கூப்பிடுவேன். கொஞ்சம் தள்ளி முடி வெட்டுகிறவரின் நாற்காலி.

நடைபாதையில் இருப்பதெல்லாம் கமிட்டி சட்டப்படி ஆக்கிரமிப்பு. மாதத்துக்கு ஒரு முறை லாரி வரும். முன்னால் இன்ஸ்பெக்டர் நடந்து வருவார், பின்னால் கூலியாட்கள். அவர் கையை நீட்டியதெல்லாம் லாரியில் ஏறும். கயிற்றுக் கட்டில், தள்ளுவண்டி, தண்ணீர்ப் பீப்பாய். எல்லாம் கமிட்டி ஸ்டோருக்குப் போகும். அபராதம் கட்டினால் திரும்பக் கிடைக்கும், கட்டாவிட்டால் ஏலம். தெருமுனையில் யாராவது "கமிட்டி" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், வரிசையே சாமான்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடும். எங்களால் ஓட முடியாது. கல்லைத் தூக்க நாலு ஆள் வேண்டும். அதனால்தான் கமிட்டிக்காரர்களும் அதை விட்டுவிட்டுப் போனார்கள். ஒரு முறை மட்டும் இன்ஸ்பெக்டர் நின்று, கல்லைக் கைத்தடியால் தட்டிப் பார்த்து, அடுத்த தடவை கடப்பாரையோடு வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மாதம்தான் அப்பா சாரத்திலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு ஜுக்கிக்குள் படுத்திருந்தார். வீட்டில் அடுப்பெரிந்தது அந்தக் கல்லால்தான்.

மாமா, அம்மாவின் தம்பி, அப்போது எங்களோடு இருந்தார். சர்க்கார் வேலை தேடி டில்லி வந்தவர். படுத்துக்கொண்டே தேடினார். அம்மா கடப்பாரை விஷயத்தைச் சொல்லி அழுதபோது, போர்வையை விலக்காமல், "வரட்டுமே, பாத்துக்கலாம்" என்றார்.

சொன்னபடி லாரி கடப்பாரையோடு வந்தது. எல்லோரும் ஓடினார்கள். மாமா ஓடவில்லை. சட்டையைக் கழற்றி எறிந்தார். இடுப்பில் துண்டு, உடம்பெல்லாம் விபூதி. குழவியைக் கல்லின் நடுவில் நிமிர்த்தி வைத்து, மஞ்சள் குழைத்துப் பட்டை போட்டு, முடி வெட்டுகிறவர் கண்ணாடியில் தொங்கிய சாமந்தி மாலையைப் பிடுங்கிப் போட்டார். குழிக்குள் நிற்கிற கறுப்புக் குழவியைப் பார்த்தால் வடக்கத்தியாருக்கு என்ன தோன்றும்? அதேதான் தோன்றியது. மாமா கண்ணை மூடிக்கொண்டு மந்திரம் சொன்னார். அவருக்குத் தெரிந்த மந்திரம் ஒன்றுதான். சேலத்திலிருந்து ரயிலேறியபோது ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்த ஸ்டேஷன்கள்.

"மொரப்பூராய நமஹ. சாமல்பட்டியாய நமஹ. ஜோலார்பேட்டாய நமஹ. வாணியம்பாடியாய நமஹ..."

நான் சிரித்துவிட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

காட்பாடி வருவதற்குள் கூலியாட்கள் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுக் கைகூப்பினார்கள். "சாப், யே தோ ஷிவ்ஜி ஹை" என்றார் ஒருவர், ஐயா இது சிவனாச்சே என்று. இன்ஸ்பெக்டர் கல்லைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், என்னையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு காலணியைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டார். லாரி போய்விட்டது. மாமா அரக்கோணம் வரை சொல்லி முடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார்.

அன்று சாயங்காலம் அம்மா உளுந்தை ஊறவைத்து எடுத்துக்கொண்டு போனால், சாச்சி கல்லுக்கு முன்னால் நிற்கிறாள். கையில் செம்பு நிறையத் தண்ணீர். குழவியின் தலையில் ஊற்றி, குழி நிறைந்து வழிகிற வரை ஊற்றி, தரையில் நெற்றி பட விழுந்தாள். அவளைப் பார்த்து அவள் வீட்டுக்காரர் ஊதுபத்தி கொண்டுவந்தார். மறுநாள் முடி வெட்டுகிறவர் ஒரு மணியைக் கிளையில் கட்டினார். திங்கட்கிழமை பாலாபிஷேகம்.

ஊறின உளுந்தைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா நின்ற கோலம் இன்னும் எனக்குத் தெரிகிறது. கும்பிடுகிற கல்லில் எப்படி உட்கார்ந்து அரைப்பாள்?

மாவு நின்றது. வாடிக்கை வீடுகள் ஒவ்வொன்றாகப் போயின. அம்மா அதே குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்க்கப் போனாள். டில்லிக் குளிரில் காலைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்து அவள் விரலெல்லாம் வெடித்தது. மாமாவுக்குத்தான் காலம். தாடி வளர்த்துக்கொண்டார். வாழைப்பழமும் அல்வாவும் வந்தன. தன்னைவிடப் பெரியவர்கள் காலில் விழுந்தபோது கையை உயர்த்தி ஆசீர்வாதம் பண்ணவும் கற்றுக்கொண்டார்.

இன்னொன்றும் நடந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க லாரி எங்கள் மரத்தடியில் நிற்கவேயில்லை. டிரைவர் ஒரு கையால் கும்பிட்டுவிட்டு மற்றக் கையால் ஸ்டீரிங்கைத் திருப்பிக்கொண்டு போனார். இஸ்திரி மேஜையை யாரும் உள்ளே தூக்கவில்லை, நாற்காலியையும் தூக்கவில்லை. எல்லாம் வெயில் காய்ந்துகொண்டு நின்ற இடத்திலேயே நின்றன. நான் அதைப் பார்த்தேன், பார்த்ததோடு சரி.

சிவராத்திரி நெருங்கியபோது மரத்தடி ஆட்கள் கூடிப் பேசி, கல்லைச் சுற்றி மேடை கட்டி சிமெண்ட் போடுவதென்று முடிவு செய்தார்கள். மூட்டையும் வந்துவிட்டது. சாச்சி அதை எங்கள் அம்மாவிடம் சந்தோஷமாகக் காட்டினாள்.

மறுநாள் காலை அம்மா தலையை வாரிக்கொண்டு, "கெளம்பு புள்ள" என்றாள்.

"எங்கம்மா?"

"கமிட்டி ஆபீசுக்கு. எனக்கு இந்தி வராது. நான் சொல்றத நீ அப்படியே சொல்லு."

இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குள் இல்லை. குளிர்காலத்தில் எந்த டில்லி ஆபீசில்தான் ஆள் உள்ளே இருப்பார்கள்? புல்தரையில் நாற்காலி போட்டு, வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் வாசலிலேயே குனிந்து நிற்க, நான் நேராகப் போய் அவர் முன்னால் நின்றேன். அந்தத் தைரியம் எனக்குப் பிறவியிலேயே உண்டு.

"எங்க கல்ல எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு" என்றாள் அம்மா. சொன்னேன்.

உரித்த கடலை அவர் கையிலேயே நின்றது. "எடுக்காதே என்று அழ வருவார்கள். எடுத்துவிட்டார்களே என்று திட்ட வருவார்கள். எடுத்துக்கொண்டு போ என்று இதுவரை யாரும் வந்ததில்லை. உன் அம்மாவுக்கு உடம்பு சரியாக இருக்கிறதா?"

அதை நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை. "ஏன்னு கேக்குறார்" என்றேன்.

"அது மாவாட்டுற கல்லுன்னு சொல்லு. அதுல அரைச்சாத்தான் எங்க வூட்ல கஞ்சின்னு சொல்லு. சிமெண்ட் பூசப் போறாங்க. இவரு ஸ்டோருக்குக் கொண்டு போனாருன்னா அபராதத்தக் கட்டி நான் மீட்டுக்குவேன். சாமிகிட்டேருந்து எப்படி மீட்கறது?"

சொல்லி முடித்ததும் அவர் சிரித்தார். "மாவாட்டுகிற கல் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். மந்திரத்துக்கு நடுவில் நீ சிரித்தாயே." பிறகு தலையை ஆட்டினார். "ஆனால் என் ஆட்கள் கை வைக்க மாட்டார்கள். பகவானை லாரியில் ஏற்றினால் வீட்டில் பெண்டாட்டி ரொட்டி போட மாட்டாள்."

"அதுக்கு நானாச்சு" என்றாள் அம்மா. "சாமிய வர வெச்சவன் எங்க வூட்லதான் கெடக்குறான். அவனே அனுப்பி வெப்பான்."

மாமா லேசில் இசையவில்லை. "அக்கா, இப்பத்தான் டில்லி என்னை ஒரு மனுசனா மதிக்குது."

"சிமெண்ட்டு காஞ்சதுன்னா என் புள்ளைங்க எதத் திங்கும்? உன் தாடியையா?"

உள்ளேயிருந்து அப்பா, "தாடியும் பத்தாது" என்றார்.

லாரி வந்த அன்று மாமா மரத்தடி ஆட்களைக் கூட்டி, பகவான் கனவில் வந்ததாகவும் ஊருக்குப் போக ஆசைப்படுவதாகவும் தன் ஹிந்தியில் சொன்னார். மிச்சத்தை நான் நல்ல ஹிந்தியில் நிரவினேன். கற்பூரம் ஏற்றினார். கண்ணை மூடினார். இந்த முறை ஸ்டேஷன்கள் திரும்பி வந்தன. அரக்கோணம், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நமஹ. சேலம் வந்ததும் மாலையைக் கழற்றினார். கூலியாட்கள் கும்பிட்டுவிட்டுக் கடப்பாரையை எடுத்தார்கள். ஒருவரும் தடுக்கவில்லை. சாச்சி மட்டும் லாரி திரும்புகிற வரை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். பாவம், இவ்வளவு பக்தியா என்று நினைத்தேன்.

அம்மா அபராதம் கட்டிக் கல்லை மீட்டாள். மரத்தடிக்குக் கொண்டுவந்தால் மறுபடி சாமியாகிவிடும். குவார்ட்டர்ஸில் ஓர் ஆபீசர் வீட்டு மாமி தன் பின்கட்டில் இடம் கொடுத்தாள். அவர்கள் வீட்டுக்கு மாவு இலவசம், அதுதான் வாடகை. போன வாடிக்கைகள் திரும்பின, புதிதும் சேர்ந்தன. என் தொழில் அந்தப் பின்கட்டில் பிறந்தது என்று நான் யாரிடமும் தைரியமாகச் சொல்வேன்.

அடுத்த மாதம் லாரி வந்தது. பழையபடி குரல் கேட்டது. ஆனால் மரத்தடியில் ஓடுகிற பழக்கம் எல்லோருக்கும் விட்டுப் போயிருந்தது. இஸ்திரி மேஜைதான் முதலில் ஏறியது, பெட்டியோடும் கரியோடும். இன்ஸ்பெக்டர் காலணியோடு நின்றார்.

நான் தூக்கோடு திரும்பி வந்தபோது சாச்சி ஜுக்கி வாசலில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் ஊரார் துணி மூட்டைகள். அவளுக்கு உண்மையைச் சொல்லித் தேற்றலாம் என்று எனக்குத் தோன்றியது. நான் எப்போதும் உள்ளதைச் சொல்கிறவள்.

"சாச்சி, அது பகவானே இல்லை. நாங்க மாவரைக்கிற கல்லு" என்று ஹிந்தியில் சொன்னேன்.

"பைத்தியம்" என்றாள். "உன் அம்மா தினம் என் கண் முன்னால்தானே அரைத்தாள். எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் தண்ணி ஊத்துனீங்க?"

அவள் மரத்தடியைப் பார்த்துக் கையை நீட்டினாள். நானும் பார்த்தேன். மேஜையின் கால்கள் நின்ற நாலு குழிகள் இருந்தன. பக்கத்தில் எங்கள் கல் இருந்த பெரிய குழி. வேறு ஒன்றையும் காணோம்.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. அன்றைய மாவில் முதல் கரண்டியை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, "சாச்சிக்குக் குடுத்துட்டு வா, இனிமே தினம் குடுக்கணும்" என்றாள். சாச்சிக்கு இட்லி சுடத் தெரியாது, காசும் தர மாட்டாள், இது என்ன வியாபாரம் என்று எனக்குக் கோபம். இருந்தாலும் கொண்டு போனேன்.

சாச்சி இன்னும் அங்கேயே உட்கார்ந்து, அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்தேன். குழி கிடப்பதுதான் அவளுக்குக் கஷ்டம் போலிருக்கிறது என்று நினைத்து, "நாளைக்கு மண்ணு போட்டு மூடிடலாம் சாச்சி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.