செம்பும் எறும்பும்

எங்கள் வீட்டில் காலையில் முதலில் கொதித்தது காபி அல்ல, என் மனைவியின் சிறுநீர். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியது வேறொன்று இருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். ராயபுரத்தில் மாதா கோயில் மணி கேட்கும் தூரத்தில் ஒற்றை அறை, பின்னால் பக்கத்து வீட்டோடு பொதுவாக ஒரு முற்றம். நாங்கள் இருவர்தான், பிள்ளை இல்லை. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. அவளுக்கு நீரிழிவு. காலையும் மாலையும் இன்சுலின் ஊசியை நானே போடுவேன். மருந்துப் புட்டி தண்ணீர்ப் பானையின் அடியில், ஈர மணலில் புதைந்து கிடக்கும்.

சோதனை எளியது. கண்ணாடிக் குழாயில் செம்பு கலந்த நீலக் கரைசல் ஒரு சிறு கரண்டி, அதில் சிறுநீர் எட்டுச் சொட்டு விட்டு ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம், மஞ்சளானால் அதிகம், செங்கல் நிறம் வந்தால் அன்றைய பொழுது போச்சு. எங்கள் பக்கத்து ஜனங்களுக்கோ எறும்புதான் சோதனை. ஒதுங்கின இடத்தில் எறும்பு மொய்த்தால் சர்க்கரை என்பார்கள். எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். "எறும்ப நம்பாத, செம்ப நம்பு" என்று அவளிடம் பெருமையடித்துக்கொள்வேன்.

நான் அதிகம் பேசுகிறவன் அல்ல. மாலையில் வந்தால் பத்திரிகை, ஊசி, சாப்பாடு, படுக்கை. எங்களுக்குள் பேச்சு என்று இருந்தது காலையில் அந்தக் குழாயைச் சுற்றித்தான். நிறம் நன்றாக இருந்தால் ஆய்வுக்கூடத்துக் கதைகளைச் சொல்லிச் சிரிப்பேன். நிறம் கெட்டிருந்தால், "நேத்து இன்னா துன்னே?" என்று போலீஸ்காரன் மாதிரி கேட்பேன். அதோடு சரி. பகல் முழுவதும் அவளுக்குத் துறைமுகச் சங்கும் கொருக்குப்பேட்டைச் சரக்கு வண்டிகளின் சத்தமும்தான் துணை. இதை அப்போது நான் யோசித்ததே இல்லை.

அந்த வருஷம் எங்கள் தலைமை ரசாயனர் சிறுகுறிஞ்சானை என்னிடம் ஒப்படைத்தார். வேலியில் படரும் கொடி அது. சர்க்கரைக்கொல்லி என்றும் சொல்வார்கள். இலையை மென்றால் கொஞ்ச நேரத்துக்கு நாக்கில் இனிப்புத் தெரியாது. அதில் அப்படிச் செய்யும் சரக்கு எது, நாக்கில் செய்வதை உடம்பிலும் செய்யுமா என்று பார்க்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவருமே ரயிலேறி எண்ணூர் போய், உப்பளத்துக்கு அப்பால் ஒரு கோணி நிறையப் பறித்தோம். அவள் ஓர் இலையை மென்றுவிட்டு, முந்தானையில் முடிந்து வைத்திருந்த வெல்லத்தைக் கடித்தாள்.

"யோவ், மண்ணு மாரி கீதுய்யா!" என்று துப்பிவிட்டுச் சிரித்தாள். திருட்டு வெல்லம் என்று கோபிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

இலையை உலர்த்தி, இடித்து, காய்ச்சி வடித்து, அமிலம் விட்டால் மங்கலான ஒரு தூள் அடியில் படியும். அதைச் சோதிக்க என் நாக்கைத் தவிர வேறு கருவி இல்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஊசியோடு அந்தத் தூளையும் அவளுக்குக் கொடுக்கத் தொடங்கினேன். பத்து நாளும் குழாய் மஞ்சளாகவே வந்தது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். பதினோராம் நாள் நீலம்.

ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மறுநாளும் நீலம், அதற்கு மறுநாளும் நீலம். காபி ஆறிப்போகும்வரை அவளிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

தலைமை ரசாயனரிடம் ஓடினேன். அவர் ஒன்றுதான் கேட்டார்: "ஊசியும் போடறீர், தூளும் கொடுக்கிறீர். எது குறைச்சதுன்னு எப்படிச் சொல்வீர்?" ஊசியை நிறுத்து என்று அவர் சொல்லவில்லை. நிறுத்தியது நான்.

"ஊசிய நிறுத்திப் பாக்கலாமா?" என்று அவளைக் கேட்டேன். அவள் மருந்துப் புட்டியை மணலில் இன்னும் ஆழமாகப் புதைத்தாள்.

"நாக்குலயே சக்கர செத்துப்பூட்டுது. ஒடம்புல மட்டும் பொழச்சிகினா கீது? நீ சொன்னா சரிதான்யா" என்றாள்.

ஊசி நின்ற பிறகும் நீலம்தான். அறிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டேன். அவள் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். கத்திரி வெயில் என்றேன். ரவிக்கை தொளதொளத்தது, பத்தியம் வேலை செய்கிறது என்றேன். முற்றத்து மூலையில் எறும்பு சாரை சாரையாக மொய்த்தது. பக்கத்து வீட்டில் வெல்லம் சிந்தியிருப்பார்கள் என்று மண்ணெண்ணெய் ஊற்றினேன். அவள் மூச்சில் அழுகின பழ வாடை அடித்தது. சர்க்கரை முற்றினால் அந்த வாடை வரும் என்று படித்தவன் நான். ஆனால் குழாய் நீலமாக இருந்ததே!

ஊசியை நிறுத்திய ஒன்பதாம் நாள் காலை எழுப்பினேன், எழவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கண் திறக்காமலே கிடந்து போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்றாள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரின் மனைவி. என் மனைவிக்கு இருந்த ஒரே சிநேகிதி.

"அண்ணா, நீ என்ன அடிச்சாலும் சரி. அக்கா தெனம் காலீல ஒண்ணுக்குப் புடிக்கிற புட்டிய என்னாண்ட குட்த்து, 'உன்னுத கொஞ்சம் புடிச்சிக் குடுடீ'ன்னு கேக்கும். நானும் வெளாட்டுன்னு குட்த்துட்டேன். ஊசிய நிறுத்தனது எனக்குத் தெரியாதுண்ணா."

"எதுக்குன்னு நீ கேக்கலியா?"

"கேட்டேன். 'நீலம் வந்தா அவுரு என்னாண்ட பேசறாருடீ'ன்னுச்சி."

வெட்கம் என்று முதலில் சொன்னேனே, அது இதுதான். அந்தப் பெண்ணை நான் திட்டவில்லை. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு போனாள்.

ஆய்வுக்கூடத்துக்குப் போய் அறிக்கையைத் திருப்பிக் கேட்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். 'சோதித்தது நோயாளியின் சிறுநீர் அல்ல' என்று கடைசிப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த இலை சர்க்கரையைக் குறைக்குமா குறைக்காதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு அதை நான் தொடவில்லை.

மறுநாள் காலை பழக்க தோஷத்தில் விளக்கை ஏற்றிவிட்டேன். ஏற்றியதை அணைக்க மனம் வரவில்லை. என்னுடையதில் எட்டுச் சொட்டு விட்டுக் கொதிக்க வைத்தேன். "நீலம்" என்று வாய்விட்டுச் சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. குழாயைக் கழுவ முற்றத்துக்குப் போனேன். அவள் ஒதுங்கும் மூலையில் ஓர் எறும்புகூட இல்லை.