எட்டு ரிவிட் அடித்த ரத்தினம்

விரிசல் விட்ட தகட்டில் சந்தனம் வைத்தால் அது ஒட்டிக்கொள்ளுமா? படித்த நீங்களே சொல்லுங்கள்.

ஒட்டும் என்று நம்பியவர் தென்காசி அரிசி ஆலை முதலாளி நெல்லையப்பன். சென்னையில் விமானம் ஓட்டப் பழகியவர். ஆலைக் கொட்டகையிலேயே இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டினார். அவர் கட்டினார் என்பது ஊர்ப்பேச்சு. தகட்டை வெட்டி வளைத்து அடித்ததெல்லாம் ஆலை ஃபிட்டர் ரத்தினம்.

போன வருஷம், 1961 ஆயுத பூஜை. பூஜைக்காக விமானத்தைத் துடைத்தபோது, முந்தின நாள் எஞ்சினை ஓட்டிப் பார்த்த அதிர்வில் எஞ்சின் மூடி விரல் நீளத்துக்குக் கீறியிருப்பதை ரத்தினம் கண்டார். பறக்கும்போது மூடி பிய்ந்து விசிறியில் அடித்தால் உள்ளே இருப்பவர் பிழைக்க மாட்டார்.

“மொதலாளி, உள்பக்கம் ஒரு பட்டை வச்சு ரிவிட் அடிச்சிருதேன். ஒரு மணி நேரம் போதும்.”

“ஏலே, கோட்டியா ஒனக்கு? கருவியெல்லாம் சாமி முன்னால இருக்கு. நாளைக்குப் பறந்துட்டு வந்துதான் எடுக்கணும்.”

“கீறல் ஓடிரும் மொதலாளி.”

“அதுக்குத்தானல சந்தனம் வைக்கோம்! நாளைக்கு நீயும் பின்னால ஏறுதே. எடைக்கு ஆள் வேணும்லா.”

எடைக்கு! மூக்குப் பக்கம் கனத்துவிடாமலிருக்க ஒரு நெல் மூட்டை. மூட்டைக்குப் பதில் ரத்தினம். வானத்தில் முதலாளியோடு ஒன்றாய்ச் சாகலாம். தரையில் ஒன்றாய் உண்ணத்தான் ரத்தினத்தின் சாதி குறுக்கே நிற்கும். மற்றவர்களெல்லாம் முதலாளி வீட்டுக் கூடத்தில் விருந்துக்கு உட்கார, அவருக்கு மட்டும் கொட்டகைக்குப் பின்னால் இலை போட்டார்கள்.

அந்த அயோக்கியத்தனமே அன்று வசதியாயிற்று. பூஜை வைத்திருந்த கொட்டகையில் ஆளில்லை. ரத்தினம் சோற்றை அப்படியே விட்டுவிட்டு, பூஜைத் தட்டிலிருந்த துளைக்கருவியை எடுத்துச் சந்தனத்தை வேட்டியில் துடைத்தார். கீறல் மேலே ஓடாதபடி அதன் நுனியில் சின்னத் துளை போட்டார். உள்ளே கனத்த அலுமினியப் பட்டை, எட்டு ரிவிட். வீட்டில் முழங்கிய நாகசுரத்தில் சுத்தியல் சத்தம் எவர் காதிலும் விழவில்லை.

மறுநாள் விமானம் குற்றால மலைப்பக்கம் பத்து நிமிடம் பறந்து, பத்திரமாய்த் தரிசில் இறங்கியது. “பாத்தியாலே, சந்தனம் காப்பாத்திட்டு!” என்று மூடியைத் தட்டிய நெல்லையப்பனின் கை ரிவிட் தலைகளில் பட்டது.

“சாமி கருவியத் தொட்டியோ?”

“தொட்டேன் மொதலாளி. பின்னால இருந்தது என் உசிருல்லா.”

அன்றே வேலை போயிற்று. உயிரைக் காத்த கருவிகளை மாட்டு மூத்திரம் விட்டுக் கழுவினார்கள்; மூளையைக் கழுவிக்கொள்ள ஒருவருக்கும் தோன்றவில்லை. சாமி குத்தத்துக்குப் பயந்து வேறெந்த ஆலையும் அவரைச் சேர்க்கவில்லை. இப்போது ஐந்தருவிப் பாதையில் டீக்கடை பாய்லர்களுக்கு ஓட்டை அடைக்கிறார்.

ஆலையோ பட்டறையோ வைத்திருப்பவர்களே, இந்த வாரமே போய் அவரை அழைத்து வந்து வேலை கொடுங்கள்.