கல் தோசை, தோசைக்கல்

சனிக்கிழமை காலையில் கண் விழித்ததும் பனி எப்படி இருக்கிறது என்று விசாரிக்கும் வீடு, பிரிக்பீல்ட்ஸில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். வெளியே வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். பூக்கடைக்காரர் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார். என் மனைவி காப்பியைக்கூடத் தொடாமல் கைப்பேசியை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அன்றைய பனி நிலவரத்தைப் படிப்பாள்.

தூரதேசத்துப் பனி அல்ல. கிள்ளான் போகும் வழியில் ஒரு பேரங்காடியின் பின்பக்கம் பெரிய குளிர்க்கூடம் கட்டி, அதற்குள் ஒரு சரிவு அமைத்து, இயந்திரத்தால் பனி கொட்டி வைத்திருக்கிறார்கள். காலில் பலகை மாட்டிக்கொண்டு சறுக்கலாம். மேலே போக நகரும் பெல்ட்டு உண்டு. இறங்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்துக்காக அவள் வாரம் முழுவதும் காத்திருப்பாள். நான் வாரம் முழுவதும் பயந்திருப்பேன்.

என் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன்னால், பாசாரில் மீன் கடைக்கு முன்னால் ஈரத்தரையில் அவள் வழுக்கி விழுந்தாள். இடது தொடை எலும்பு முறிந்தது. உள்ளே ஒரு உலோகத் தகட்டை வைத்து ஆணி அடித்திருக்கிறார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "இன்னொரு தடவை இதே பக்கம் விழுந்தாங்கன்னா, மறுபடி நடக்க வெக்க முடியும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

நான் எதையும் ஒழுங்காகச் செய்கிறவன். குளியலறையில் ரப்பர் விரிப்பு போட்டேன், சுவரில் கைப்பிடி பதித்தேன், கால் தடுக்கும் மிதியடிகளை அகற்றினேன், படிக்கட்டின் விளிம்புகளில் மஞ்சள் நாடா ஒட்டினேன். அவள் சில மாதம் அந்த வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். பிறகு ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்:

"என்னங்க, வழுக்கிடும் வழுக்கிடும்னு பயந்துக்கிட்டேதான் ஒவ்வொரு அடியும் வெக்கிறேன். பேசாம வழுக்கறதையே கத்துக்கிட்டா என்ன?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பனிக்கூடத்தில் பயிற்சியாளர் அவளுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது விழுவதை. முழங்காலை மடக்கி, கைகளை மார்போடு சேர்த்து, வலது பக்கமாகச் சாய்ந்து உட்கார வேண்டும். கையை மட்டும் ஊன்றக் கூடாது. பல வாரங்கள் அவள் வேறு எதையும் செய்யவில்லை, விழுந்துகொண்டே இருந்தாள். நான் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருப்பேன். அவள் ஒவ்வொரு முறை சாயும்போதும் என் கை என் இடது தொடையைப் பிடித்துக்கொள்ளும். அவளுடைய பயம் அவளை விட்டுப் போனது உண்மைதான். அது எங்கே போயிற்று என்று எனக்கு மட்டும் தெரியும்.

அங்கே தொடர்ந்து வரும் தமிழர்கள் சிலர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். முக்கியமானவர்கள் இரண்டு பேர். ஒருவர் செந்தூலில் இருந்து வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை, எல்லாருக்கும் டீச்சர். இன்னொருவர் கிள்ளானில் லோரி ஓட்டம் நடத்துகிறவர், எல்லாருக்கும் லோரி அண்ணன். பனியின் நிலைகளைச் சொல்லத் தமிழில் வார்த்தை இல்லையே என்று டீச்சர்தான் சமையலறையிலிருந்து எடுத்துக் கொடுத்தாராம். பொலபொலவென்று உதிர்ந்தால் சீனி. மெத்தென்று அமுங்கி, பலகையைப் பிடித்துக்கொண்டால் இட்லி, அதுதான் உத்தமம். உருகி நீர் கோத்தால் கஞ்சி. உருகியது மறுபடி உறைந்து, பளபளவென்று கெட்டியாகிவிட்டால் தோசைக்கல். தோசைக்கல் அன்று யாரும் இறங்குவதில்லை.

என் மனைவி கல்யாணமாகித் திருச்சியிலிருந்து வந்தவள். குழுவில் சேர்ந்த புதிதில், "சீனி இல்ல, சர்க்கரைன்னு சொல்லுங்க" என்று எழுதிவிட்டாள். அவ்வளவுதான்.

"சர்க்கரையா? அது கிளினிக்குல போய்ப் பார்க்கிறது, அக்கா" என்று லோரி அண்ணன் குரல் பதிவு அனுப்பினார்.

"இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் பசியாறினீங்களான்னு கேக்க வரல. டிபன் ஆச்சான்னு கேக்குறாங்க" என்று டீச்சரும் சேர்ந்துகொண்டார்.

மற்றபடி குழுவில் ஓயாத புலம்பல்தான். வார நாளில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் குளிரைக் குறைக்கிறார்கள். பெல்ட்டு நடுவழியில் நின்றுவிடுகிறது. வாடகைச் சப்பாத்து நாறுகிறது. இடது சுவர் ஓரம் குழாய் ஒழுகி வழுக்கை விழுந்திருக்கிறது. இதையெல்லாம் அவள் எனக்கு வாசித்துக் காட்டுவாள். கேட்டுக் கேட்டு, ஏறாத சரிவின் ஒவ்வொரு சாணும் எனக்கு மனப்பாடம்.

நான் சொல்ல வந்த சனிக்கிழமைக்கு முதல் நாள் மாலை, டீச்சர் ஒரு செய்தி போட்டிருந்தார். குளிர் இயந்திரம் ரோசாக், மத்தியானத்திலிருந்து ஓடவில்லை, சரிபார்க்க ஆள் வந்திருக்கிறது, காலையில் திறப்பார்களாம். கூடத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் லோரி அண்ணன்தான். முதலில் போய்ப் பார்த்து நிலவரம் போடுவது அவர் வேலை.

காலையில் மனைவி கைப்பேசியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"கல் தோசையாம்!"

"புது ஐட்டமா இருக்கே" என்றேன்.

"இட்லியவிட மெத்துன்னு இருக்குன்னு சொல்றார் போல. ராத்திரி புதுசா பனி கொட்டியிருப்பாங்க."

எங்கள் வீட்டில் கல் தோசை என்றால் என்ன என்பதில் சந்தேகமே கிடையாது. அவள் ஞாயிற்றுக்கிழமை வார்ப்பது: தடியாக, பஞ்சு போல, ஒரு பக்கம் மட்டும் வெந்தது. நானும் நிம்மதியானேன். பஞ்சில் விழுந்தால் என்ன ஆகிவிடும்? அன்று காரில் போகும்போது, வழக்கத்துக்கு மாறாக, நான் பாட்டுகூடப் போட்டேன்.

நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்தில் இருந்த மலாய்ப் பெண், இன்று கொஞ்சம் கெட்டி, கவனம் என்றாள். அவள் எல்லாச் சனிக்கிழமையும் அதைத்தான் சொல்வாள். மனைவி தலையசைத்துவிட்டு உள்ளே போனாள். கண்ணாடிச் சுவர் அன்று நீராவி படர்ந்து மங்கியிருந்தது. நான் காப்பிக்கடைப் பக்கம் திரும்பினேன்.

அங்கே லோரி அண்ணன் வெறுங்காலோடு உட்கார்ந்து தே தாரேக் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். சப்பாத்து நாற்காலிக்கு அடியில் கிடந்தது.

"என்ன அண்ணே, நீங்க இறங்கலையா?"

"எங்க இறங்குறது? அதான் காலைலயே போட்டேன்ல, கல் தோசைன்னு."

"கல் தோசைன்னா மெத்துன்னுதானே இருக்கும்?"

அவர் குவளையைக் கீழே வைத்தார். "என்ன மெத்து? தோசை சுடுற கல்லு லா! மேல பூரா கண்ணாடி மாதிரி கிடக்கு. அக்கா எங்க?"

அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. லோரி அண்ணன் படித்தது மலாய்ப் பள்ளியில். தமிழைக் காதால் கற்றவர், எழுதுவது ஆங்கில எழுத்தில். மலாயில் புத்தகக் கடையைக் 'கெடாய் புக்கு' என்பார்கள். கடை முன்னால் வரும், புத்தகம் பின்னால் வரும். அந்த வரிசையிலேயே அவர் தோசைக்கல்லையும் திருப்பிப் போட்டிருக்கிறார். கல் முன்னால், தோசை பின்னால்.

நான் பனிக்கூடத்தை நோக்கி ஓடினேன். வாசலில் இருந்தவர் ஏதோ கத்தினார். நான் போட்டிருந்தது ஒரு மெல்லிய சட்டையும் ரப்பர்ச் சிலிப்பரும். உள்ளே குளிர் முகத்தில் அறைந்தது, மூக்குக்கண்ணாடி வெளுத்துப்போயிற்று. அதைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டியபோது, அவள் பெல்ட்டில் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தாள். சிவப்புத் தொப்பி, நிமிர்ந்த முதுகு. சரிவு முழுக்க விளக்கொளி வழிந்து மின்னியது. பனி அப்படி மின்னக் கூடாது என்பது எனக்கே தெரியும்.

"பெல்ட்ட நிப்பாட்டச் சொல்லுங்க!" என்றேன்.

பின்னாலேயே வெறுங்காலோடு ஓடி வந்த லோரி அண்ணன் என் தோளைப் பிடித்தார். "வேணாம்! திடீர்னு நின்னா பின்பக்கமா விழுவாங்க."

இரண்டு கைகளையும் வாயருகே குவித்து நான் கத்தினேன். "தோசைக்கல்லு! தோசைக்கல்லு!"

காற்றாடிகளின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மேலே போய்ச் சேர்ந்தவள் திரும்பிப் பார்த்தாள். நான் கைகளை ஆட்டினேன். அவள் காதருகே கை வைத்துக் கேட்டாள். மறுபடி கத்தினேன். அவள் தலையைச் சாய்த்து, கையை உயர்த்தி, சரி சரி என்று காட்டினாள். தோசை என்பது மட்டும் கேட்டிருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி நான் கேட்பதாக நினைத்தாளாம். பிறகு சொன்னாள்.

அவள் முன்னால் சாய்ந்தாள்.

முதல் கொஞ்ச தூரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு பலகையின் சத்தம் மாறியது. பனியில் சறுக்கும் சத்தம் துணி கிழிவது போல இருக்கும். இது தகரத்தில் கரண்டியை இழுப்பது போல இருந்தது. அவள் திரும்ப முயன்றாள், பலகை பிடிக்கவில்லை, இடது கால் தனியாக விலகிப் போவதைப் பார்த்தேன். இடது கால். என் வாயில் எந்தச் சாமி பெயரும் வரவில்லை. இடது பக்கம் வேண்டாம், இடது பக்கம் வேண்டாம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் முழங்காலை மடக்கினாள். கைகள் மார்புக்கு வந்தன. மெதுவாக, நாற்காலியில் உட்காருகிறவளைப் போல, வலது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவாறே சரிவு முழுவதும் வழுக்கி வந்து, அடியில் கட்டியிருந்த வலையில் மோதி நின்றாள். தொப்பி கழன்று உருண்டது. அவள் அசையவில்லை.

நான் அவளிடம் போனேன். போனேன் என்று எழுதுகிறேன், ஆனால் எட்டு வைத்தது மட்டும்தான் நினைவிருக்கிறது. சிலிப்பர் ஒரு பக்கம் போயிற்று, நான் ஒரு பக்கம் போனேன். எது கூடாது என்று மாதக்கணக்காகக் கண்ணாடி வழியாகப் பார்த்திருந்தேனோ, அதையே செய்தேன். வலது கையை ஊன்றினேன். மணிக்கட்டில் காய்ந்த முருங்கைக்காயை ஒடித்தது போல ஒரு சத்தம்.

"ஐயோ, என்னங்க!" அவள் குரல்தான். பலகைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு அவள் எழுந்து, நடந்து, என்னிடம் வந்துகொண்டிருந்தாள். "விழத் தெரியாதவர் எதுக்குங்க உள்ள வந்தீங்க?"

"நீ ஏன் அசையல?"

"மூச்சு வாங்கிச்சு. அதுகூட வாங்கக் கூடாதா?"

மருத்துவமனைக்கு அவள்தான் காரை ஓட்டினாள். கை வீங்கிக்கொண்டிருந்தது. ஆனால் நான் என் கையைப் பார்க்கவில்லை. சமிக்ஞை விளக்கில் நின்றபோது அவள் ஒரு கையால் இடது தொடையை அழுத்திவிட்டுக்கொண்டதைப் பார்த்தேன். கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். அடுத்த விளக்கிலும் அழுத்தினாள். அதற்கு மேல் எனக்கு வலியே தெரியவில்லை.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே நான் உட்கார மறுத்தேன். "உனக்கும் எடுத்தாதான் எனக்கு எடுக்கணும்."

"எனக்கு என்ன ஆச்சு? விழுந்தது நீங்க."

"எடு."

தாதி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் இரண்டு பேருக்கும் எடுத்தார்கள். மருத்துவர் இரண்டு படங்களையும் திரையில் போட்டார். என் மணிக்கட்டைப் பற்றி அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் மற்றதையே பார்த்தேன். தகடு நேராக இருந்தது. ஆணிகள் போட்ட இடத்தில் இருந்தன. அவரிடம் இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். சதைப்பிடிப்புதான், எலும்புக்கு ஒன்றுமில்லை என்றார். அப்போதுதான் என் கை வலிக்க ஆரம்பித்தது.

லோரி அண்ணன் மறுநாள் மாம்பழத்தோடு வீட்டுக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "அக்கா, எனக்கு அப்படி ஒரு தோசை இருக்குன்னே தெரியாது" என்றார். அவள் உள்ளே போய், நான்கு கல் தோசை வார்த்துக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் ஒன்றை விரலால் அழுத்திப் பார்த்தார். அது அமுங்கி எழுந்தது. "அலாமாக்" என்று மலாயில் வியந்தார். டீச்சர் குழுவில் சட்டம் போட்டுவிட்டார்: இனிமேல் தோசை என்ற சொல்லே கிடையாது. கெட்டியாக இருந்தால், இறங்காதே என்று எழுத வேண்டும்.

இந்த வாரம் அவள் மறுபடி கிளம்பினாள். நான் தடுக்கவில்லை. விழத் தெரிந்தவள் அவள், அதை என் கண்ணால் பார்த்தாயிற்று. ஆனாலும் இதயம் அதைப் படித்துக்கொள்ள மறுக்கிறது. காலையில் லோரி அண்ணனின் செய்தி வந்தது, இட்லி என்று. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். நான் மாவுக்கட்டுப் போட்ட கையை மேசைமேல் வைத்து, இடது கையால் அவருடைய எண்ணை அழைத்தேன்.

"அண்ணே, எந்த இட்லி? அடுப்புல இருந்து எடுத்ததா, பிரிட்ஜுல இருந்து எடுத்ததா?"