குளியலறைக்குள் மாட்டிக்கொண்ட தேய்மானம்

அந்தக் குடியிருப்பில் யாரும் அவரைப் பார்த்துச் சிரித்ததில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர் மட்டும் வைத்திருந்தார்கள்: தேய்மானம். புது வீடுகளைக் கட்டி விற்ற கம்பெனியின் உத்தரவாதப் பிரிவில் அவர் பரிசோதகர். குழாய், தாழ்ப்பாள், கைப்பிடி என்று வீட்டில் பொருத்தியது எது பழுதானாலும் இரண்டு வருடத்துக்குக் கம்பெனி பொறுப்பு. ஆனால் அவர் வந்து குனிந்து பார்த்தால், ஒன்று 'தேய்மானம்' என்று எழுதுவார், இல்லாவிட்டால் 'தவறான உபயோகம்' என்று எழுதுவார். இரண்டுக்கும் உத்தரவாதம் கிடையாது.

வேலை தெரியாதவர் இல்லை. இருபத்தாறு வருடம் பிளம்பராக இருந்து, முழங்கால்கள் மக்கர் பண்ணிய பிறகு இங்கே வந்தவர். "மாசம் நாலு புகாருக்கு மேல ஒத்துக்கிட்டீங்கன்னா, உங்க வேலைக்கு நான் உத்தரவாதம் இல்ல" என்று மேலாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். அவரும் கண்ணைத் திறந்துகொண்டே குருடரானார்.

ஒன்பதாம் எண் வீட்டில் பஸ் டிரைவர் அம்மாள் ஒருத்தி. குளியலறைக் கதவின் கைப்பிடி கழன்று கழன்று விழுகிறது என்று மூன்று முறை புகார் கொடுத்திருந்தாள். மூன்றுக்கும் 'தவறான உபயோகம்'. நாலாவது முறை போனபோது வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"செருப்பைக் கழட்டாதீங்க. எப்படியும் ரெண்டு நிமிஷந்தானே நிக்கப் போறீங்க?"

"பார்த்துட்டுத்தாம்மா எழுதுறேன்."

"பார்த்துக் கிழிச்சீங்க! என் மருமக ஏழு மாசம். போன வாரம் ரெண்டு மணி நேரம் உள்ளயே கெடந்தா. நான் டியூட்டி முடிச்சு வந்துதான் திறந்தேன்."

அவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, கைப்பிடியைத் திருகினார். அது கையோடு வந்துவிட்டது. வெளிப்பக்கத்துப் பாதி தரையில் விழுந்து உருண்டது.

"அம்மா, கொஞ்சம் திறங்க."

"எப்படித் திறக்கிறது? தப்பா உபயோகிச்சிட்டீங்களே!"

"போலீஸைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க. கதவு ஏன் திறக்கலன்னு அவங்க கேட்பாங்க. நீங்களே சொல்லுங்க. இல்லாட்டி உள்ளதை உள்ளபடி எழுதிக் குடுங்க, திறக்கிறேன்."

அவர் மேலாளரைக் கூப்பிட்டார். "நைசா பேசி வெளிய வாங்க. எதையும் எழுதி மட்டும் குடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு மேலாளர் போனை வைத்துவிட்டார்.

"பாவம் அத்தை, விட்டுடுங்க" என்று மருமகளின் குரல் கேட்டது.

"பாவமா? உனக்கு யாரு பாவம் பார்த்தா?"

முக்கால் மணி நேரம் ஆயிற்று. முழங்கால் விண்விண் என்று தெறிக்க, அவர் கமோடு மூடியின் மேல் உட்கார்ந்தார். கையிலிருந்த கைப்பிடியை அப்போதுதான் திருப்பிப் பார்த்தார். இரண்டு பாதிகளையும் இணைக்கிற சதுரக் கம்பி ஒரு விரல் அகலம் குட்டை. அந்தப் பக்கத்தை அது சரியாக எட்டவே எட்டாது. மூன்று முறை வந்தும் அவர் அதைக் கழற்றிப் பார்த்ததில்லை. இதே கைப்பிடிக்காக இன்னும் பதினோரு வீடுகளுக்கும் 'தவறான உபயோகம்' என்றுதான் எழுதியிருந்தார்.

மனம் இளகிவிட்டது என்று சொல்ல முடியாது. கோபம்தான் வந்தது. முதலில் அவள்மேல், பிறகு மேலாளர்மேல், கடைசியில் தன்மேலேயே. படிவத்தை எடுத்துத் தொடையில் வைத்து எழுதினார்: 'கம்பி நீளம் போதாது. தயாரிப்புக் குறை. பன்னிரண்டு வீடுகளுக்கும் கம்பெனியே மாற்றித்தர வேண்டும்.' கையெழுத்துப் போட்டுக் கதவின் அடியில் தள்ளினார்.

அவள் இரண்டு முறை படித்துவிட்டு, ஸ்குரூடிரைவரால் நெம்பிக் கதவைத் திறந்தாள். நன்றி சொல்லவில்லை.

"வேலை தெரியாதவனா இருந்தா மன்னிச்சிருப்பேன். நீங்க தெரிஞ்சவர்" என்றாள்.

மறுநாள் மேலாளர் வெள்ளைத்தாள் ஒன்றை அவர் முன்னால் நகர்த்தினார். "மிரட்டி எழுதி வாங்கிட்டாங்கன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. போதும்."

"மிரட்டினாங்க, உண்மைதான். நான் எழுதினதும் உண்மைதான்."

அந்த வாரத்தோடு வேலை போயிற்று. படிவத்தை அவள் படமெடுத்துப் பன்னிரண்டு வீட்டாருக்கும் அனுப்பியிருந்ததால், கம்பெனி பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாக் கைப்பிடிகளையும் மாற்றிக் கொடுத்தது. அவரைப் பற்றி அங்கே யாரும் ஒரு நல்ல வார்த்தை பேசவில்லை.

"நாலு வருஷமா இல்லாத ரோஷம் இப்ப எங்கேர்ந்து வந்துச்சு?" என்று வீட்டில் மனைவி கேட்டாள். ஒரு வாரம் சோற்றுத் தட்டை அவர் முன்னால் தள்ளிவிட்டுப் போனாள். எட்டாம் நாள் அவர் பழைய கருவிப் பையைத் தட்டி எடுத்துக்கொண்டு, முழங்காலுக்குப் பட்டை கட்டி, வேலை கேட்கக் கிளம்பினார்.