ஐந்தாம் மாத நோட்டீஸ்

தெருவில் நின்று நோட்டீஸ் கொடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மக்கள் கையை நீட்டுவது வாங்குவதற்குத்தான், படிப்பதற்கல்ல.

நாளிதழ் நிருபராக ஊரார் துக்கத்தையெல்லாம் நாலு வரியில் எழுதியவன் நான். என் மகள் பிறந்த அன்றே இறந்தாள். வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கும் தசையில் ஓட்டை. குடல் மேலேறி நுரையீரலை வளரவிடவில்லை. அபூர்வமான குறை. ஐந்தாம் மாத ஸ்கேனில் பெரும்பாலும் தெரிந்துவிடுமாம். தெரிந்தால், பச்சைக்குழந்தைக்கு ஆபரேஷன் செய்கிற பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கலாம். ஒரு கர்ப்பிணியாவது டாக்டரிடம் இதைக் கேட்டுவிட வேண்டும் என்பது என் மனைவி ஜெயந்தியின் ஆசை. அப்படித்தான் நாங்கள் இந்தத் தொழிலுக்கு வந்தோம்.

சிரித்த முகம்

கள்ளக்குறிச்சி பிளெக்ஸ் கடைக்காரர் பேனரில் போடக் குழந்தையின் படம் கேட்டார். எங்களிடம் இருந்தது மூக்கில் குழாய் மாட்டிய படம் ஒன்றுதான். அதை மெதுவாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் தேடி, கன்னம் உப்பிய வெள்ளைக்காரக் குழந்தை ஒன்றைப் பொருத்தினார். தியாகதுருகம் பஸ் நிறுத்தத்தில் பேனரைக் கட்டிக்கொண்டிருந்தபோதே ஒரு பெரியவர் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"காதுகுத்தாங்க? கறிச்சோறு எந்த மண்டபத்துல?"

ஆராய்ச்சி

திருக்கோவிலூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நோட்டீஸை முழுவதும் படித்தார். அந்த வகையில் அவர்தான் முதல் வாசகர். இரண்டு சந்திப்பிழைகளைத் திருத்திவிட்டுக் காரணம் கேட்டார். பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை என்று டாக்டர்களே சொல்வதைச் சொன்னேன்.

"டாக்டருக்குத் தெரியலன்னா இன்னா சார், எனக்குத் தெரியுது. கிரகணத்தப்போ உங்க வூட்டம்மா காய் நறுக்கியிருப்பாங்க."

மலையில் வரவேற்பு

கரியாலூரில் டீக்கடை நடத்தும் அம்மாவிடம் ஒரு கட்டு கொடுத்துவைத்தோம். ஸ்கேன் எடுக்க அங்கிருந்து மலையிறங்க வேண்டும். நோட்டீஸாவது மலையேறட்டுமே என்றுதான். மறுவாரம் போனால் கட்டு காலி. ஜெயந்தி முகத்தில் வெகுநாள் கழித்து ஒரு வெளிச்சம். அருவி பார்க்க வந்த கூட்டம் நோட்டீஸில் போண்டா வைத்துத் தின்றுவிட்டுக் கசக்கிப் போட்டதை நான்தான் முதலில் பார்த்தேன்.

"பேப்பர் நல்ல கனம்ணா, எண்ணெயே ஊறல. அடுத்த வாட்டி ஜாஸ்தியா எடுத்துக்கினு வாங்க."

கட்டுச்சோறு

என் சித்தியின் மருமகள் கவிதாவுக்கு ஐந்தாம் மாதம். தாய்வீட்டார் கட்டுச்சோறு கொண்டுவந்திருந்தார்கள். குழந்தையை இழந்தவள் கர்ப்பிணி பக்கத்தில் வரலாமா? சித்தி ஜெயந்தியைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தார். "நானே எல்லாருக்கும் குடுத்துடறேம்மா" என்று நோட்டீஸ்களை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாப்பிட்டு முடித்துக் கைகழுவப் போன ஜெயந்தியின் பின்னால் வளையல் சத்தம். தலை நிறையப் பூவோடு கவிதா.

"நாளைக்கு ஸ்கேனுக்குப் போறோம்க்கா. அத்த என்னத் தேடிக்கினு வர்றதுக்குள்ள சொல்லுங்க, டாக்டர்கிட்ட இன்னா கேக்கணும்?"

எங்கள் நோட்டீஸ் கர்ப்பிணிகளைத் தவிர எல்லார் கைக்கும் போகிறது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன், பழைய தொழில் பழக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிடுகிறேன்: கர்ப்பிணி கைக்கு இன்னமும் போகவில்லை, ஒருத்தி காதுக்குப் போய்விட்டது.