ஏழலசல் அக்காவின் இரண்டு அலசல்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஏழலசல் அக்காதான். ஏழு தடவை அலச வேண்டும் என்று அங்கே ஆராய்ச்சி நடத்தும் டாக்டரம்மா எழுதிக்கொடுத்திருந்தால் ஏழுதான். இருபது வருடத்தில் ஒன்றுகூடக் குறைந்ததில்லை. வீட்டில் டம்ளர்களுக்கும் அதே கதிதான்.

வேலை என்னவென்றால், உயிரணுவைச் சுற்றியிருக்கும் கொழுப்புச் சவ்வில் கதவு மாதிரி ஒரு புரதம் உட்கார்ந்திருக்கும்; உப்பை உள்ளே விடும், வெளியே விடும். சோப்புக் கரைசலில் சவ்வைக் கரைத்து, அந்தப் புரதத்தைப் பிரித்து, பிசுக்குப் போக அலசித் தர வேண்டும். அக்கா தருவது படுசுத்தம். என்ன, கதவுதான் திறந்தபாடில்லை. மூன்று வருடமாக டாக்டரம்மா தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம், இரண்டாவது அலசல் முடிந்த நேரத்தில் அக்காவின் வீட்டுக்காரர் போன் செய்தார்.

"வாஷிங் மெஷின் பொங்குது! கூடமெல்லாம் தண்ணி. எந்த பட்டன அமுக்கணும்?"

"எதையும் அமுக்காதீங்க, இதோ வந்துட்டேன்!"

புரதம் இருந்த சோதனைக் குழாயை அப்படியே மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு ஓடினார்.

மறுநாள் அவர் வருவதற்குள் டாக்டரம்மா அதை எடுத்துச் சோதித்துவிட்டார். கதவு திறந்துவிட்டது! அக்காவைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். அந்தக் குதியாட்டத்துக்கு நடுவே உண்மையை எப்படிச் சொல்வது? அக்கா வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் நான்கு தடவை, வழக்கம்போல ஏழு அலசல். நான்கிலும் கதவு இறுக மூடிக் கிடந்தது.

"அன்னிக்கு நான்தான் ஏதோ தப்பா அளந்திருக்கேன். இத மூட்டை கட்டிடலாம்க்கா" என்றார் டாக்டரம்மா. கண் கலங்கியிருந்தது.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. இருபது வருடமாகச் சேர்த்த பெயர் போனால் போகட்டும்.

"அன்னிக்கு ரெண்டு அலசல்தாம்மா அலசினேன்."

டாக்டரம்மா உடனே புதிதாக ஒரு குழாயை இரண்டே தடவை அலசச் சொன்னார். சாயங்காலத்துக்குள் கதவு திறந்தது.

"கொஞ்சம் கொழுப்பு இதோட இடுப்பப் பிடிச்சிட்டு இருக்குக்கா. அந்தப் பிடி இருந்தாத்தான் கதவு அசையுது. நாம அதையும் கழுவி விட்டுட்டிருந்தோம்."

அக்கா தன் கைகளைப் பார்த்தார். "அப்ப மூணு வருஷமா நான்தான் கெடுத்தேனா?"

"ஏழுன்னு எழுதினது நான். ரெண்டுன்னு சொன்னது நீங்க." டாக்டரம்மா நோட்டை நீட்டினார். "நீங்களே திருத்துங்க."

அக்கா ஏழு என்பதை அடித்து இரண்டு என்று எழுதினார். அடுத்த குழாயில் இரண்டாவது அலசல் முடிந்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். விட்டால் அவை மூன்றாவதுக்குப் போயிருக்கும்.