பாயோடு ஒட்டியவன்

மட்டக்களப்பார் மந்திரம் போட்டு ஆளைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று ஊருலகமெல்லாம் பகிடி விடுகிறது. கொழும்பில் வேலைக்கு நின்ற காலத்தில் அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. என் தம்பி சுபாகரன் உண்மையாகவே பாயோடு ஒட்டிக் கிடந்தபோது, அதே பகிடியை எங்கள் ஊர்க்காரரே அடித்தார்கள். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தம்பி வாவியில் இறாலுக்கு வலை போடுகிறவன். நாற்பத்தொரு வயது. போன ஆவணியில் ஒருநாள் தொழிலுக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. காய்ச்சல் இல்லை, குடி இல்லை, வீட்டில் சண்டையும் இல்லை. குளிக்க வைக்கவே அவன் மனைவி கலாஜினி கெஞ்ச வேண்டியிருந்தது. "வலையில கோக்கிற ஈயமெல்லாம் என்னில கட்டின மாதிரி இரிக்கு அக்கா" என்றான்.

செய்வினை என்றார்கள். கழிப்புக் கழித்தோம். கோழி போனதுதான் மிச்சம். பிறகு சோம்பல் என்றார்கள். கால் முறிந்தவனைப் பார்க்கத் தோடம்பழத்தோடு வருகிற சனம், இவனைப் பார்க்கப் புத்திமதியோடு வந்தது.

நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இது மனச்சோர்வு என்ற நோய், குளிசை வேலை செய்யச் சில கிழமை எடுக்கும், இடையில் நிறுத்தக்கூடாது என்றார் டொக்டர். இரண்டு முறை போனான். மூன்றாம் முறை பஸ்ஸுக்கு நின்றபோது, கடைக்காரர் சீனித்தம்பி பத்துப் பேருக்கு முன்னால் கேட்டார்: "என்ன சுபாகரன், பாயில இருந்து கழட்டிட்டாங்களா? விசர்க் கிளினிக்குக்கா பயணம்?"

எல்லோரும் சிரித்தார்கள். தம்பி திரும்பி வீட்டுக்கு நடந்தான். குளிசையையும் விட்டான். நான் கடைக்குப் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். "பகிடிக்குச் சொன்னன் பிள்ள" என்றார். பகிடியாம். என் தம்பி மறுபடி பதினொரு நாள் எழும்பவில்லை.

கலாஜினி கெட்டிக்காரி. தொழிலுக்குப் போங்கள் என்று அவள் சொல்லவில்லை. "தோணிக்குள்ள மழைத்தண்ணி நிக்குது. இறைச்சுப்போட்டு வந்து மறுகா படுங்க" என்றாள். போனான், இறைத்தான், வந்து படுத்தான். தினமும் அந்த ஒரு வேலைதான். மழை பெய்யாத நாட்களில் அவளே விடியமுன் போய் நாலு வாளி ஊற்றி வைத்தாள். அவனுக்கு அது தெரிந்துதான் இருக்கும். ஆனாலும் இறைத்தான். குளிசையையும் திரும்பப் போடத் தொடங்கினான்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை தானாகவே தாடியை வழித்தான். கலாஜினி வழக்கம்போல, யார் கண்ணிலும் படாமலிருக்க, கிளினிக் கொப்பியைப் பேப்பரில் சுற்றினாள். அவன் பேப்பரைக் கழற்றி வைத்துவிட்டு, கொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தான். நானும் கூடப் போனேன்.

"எங்க பயணம்?" என்றார் சீனித்தம்பி.

"பாயில இருந்து கழட்டுற இடத்துக்கு."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சீனித்தம்பி தோணியடிக்கு வந்தார். தம்பி கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். "அந்தக் கிளினிக் என்ன கிழமை?" என்று மெல்லக் கேட்டார்.

"ஆருக்கு?" என்றேன் நான்.

"எனக்குத்தான் பிள்ள. மனிசி செத்ததில இருந்து நித்திரை இல்ல. கடை திறக்கிறதே பெரும்பாடு."

நல்ல சூடான பதில் ஒன்று என் நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் தம்பி சொல்லிவிட்டான்: "செவ்வாய் அண்ணன். ஏழு மணிக்கு முதலே போய் நம்பர் எடுக்கணும். நானும் வாறன்."

"அங்க கொப்பி ஒண்டு தருவாங்க" என்றேன் நான். "பேப்பரில சுத்தாமக் கையில பிடிச்சுக்கொண்டு வாங்க. உங்கட கடைக்கு முன்னால."